ஒரே ஷீட்டில் இரண்டு பனோரமா: நெகட்டிவைப் பார்த்துக் கோளாறு பிடிப்பது

8×10 கேமரா (8×10 அங்குல ஃபிலிம் ஷீட்டில் எடுக்கும் பெரிய கேமரா) வைத்திருப்பவர் 4×10 பனோரமா எடுக்க இன்னொரு கேமரா தேடி அலைய வேண்டாம். ஹோல்டருக்கு (பக்கத்துக்கு ஒரு ஷீட் வைக்கும் ஒளிபுகாச் சட்டம்) உபரியாக ஒரு டார்க் ஸ்லைடு (ஷீட்டை மூடியிருக்கும் உருவு தகடு) வாங்கி நீளவாக்கில் பாதியை வெட்டி எடுத்தால் போதும். மிச்சமிருக்கும் பாதி ஸ்லைடு ஷீட்டின் ஒரு பாதியை மறைக்கும், மற்ற பாதியில் படம் விழும். ஸ்லைடைப் புரட்டிப் போட்டால் அடுத்த பாதி. 4×5 கேமராவில் இதே வேலையைச் செய்தால் 2×5 கிடைக்கும். 5×7 கேமராவில் செய்தால் ரோல் ஃபிலிம்காரர்களின் 6×17 செ.மீ. அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

அகலப் படத்துக்கென்றே செய்த கேமராக்கள் அமெரிக்காவில் இருந்தன. ஃபோல்மர் அண்டு ஷ்விங், கொரோனா போன்ற பெயர்களில் 7×17, 8×20, 12×20 அங்குல அளவில் வந்த அவற்றுக்கு ‘பேங்க்வெட் கேமரா’ என்று பெயர். விருந்துக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரையும் ஒரே படத்தில் அடக்கப் பிறந்தவை. புகைப்படக் கலைஞர் ஆர்ட் சின்சபா 1960களில் 12×20 கேமராவைத் தூக்கிக்கொண்டு இல்லினாய் வயல்வெளிகளுக்குப் போனார். லோயிஸ் கானர் 7×17 கேமராவோடு 1984 முதல் சீனாவில் எடுத்தார். ஆனால் அந்த அளவு ஃபிலிமைக் கடையில் போய் வாங்க முடியாது. ஃபிலிம் தயாரிக்கும் இல்ஃபோர்டு நிறுவனம் ஆண்டுக்கு ஒருமுறை முன்பதிவு வாங்கி வெட்டித் தருவதற்குக் காத்திருக்க வேண்டும். பாதி ஸ்லைடில் அந்தத் தலைவலி இல்லை. ஃபிலிம் சாதாரண 8×10, கழுவுவதும் சாதாரண 8×10 டிரேயில்தான்.

சிக்கல் என்னவென்றால், முதல் சில ஷீட்களில் ஏதாவது ஒரு கோளாறு நிச்சயம் வரும். வந்ததும் பலர் லென்ஸைக் குறை சொல்வார்கள், அல்லது பெல்லோஸில் (லென்ஸையும் பின்பலகையையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி) ஓட்டை தேடுவார்கள். நெகட்டிவை லைட் டேபிளில் வைத்து நிதானமாகப் பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். கீழே உள்ளவை அந்த வரிசையில்: நெகட்டிவில் என்ன தெரிகிறது, அது எங்கிருந்து வந்தது, என்ன செய்வது.

முதலில் வேலை வரிசை

ஒவ்வொரு பாதிக்கும் இதுதான் வரிசை. ஷட்டரை மூடு. ஹோல்டரைச் செருகு. முழு ஸ்லைடை உருவு. பாதி ஸ்லைடைச் செருகு. எடு. பாதி ஸ்லைடை உருவு. முழு ஸ்லைடைச் செருகு. ஸ்லைடு மாற்றும் அந்த இரண்டு தருணத்திலும் முழு ஷீட்டும் லென்ஸைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது, நடுவில் இருப்பது ஷட்டர் இதழ் மட்டும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருவதில் பாதி தானாகப் புரியும்.

மறைத்த பாதியும் கருத்திருக்கிறது

கேட்க வேண்டிய முதல் கேள்வி: அந்தக் கருப்பில் உருவம் இருக்கிறதா?

உருவம் இருந்தால் வெளிச்சம் லென்ஸ் வழியாக வந்திருக்கிறது. முதல் பாதியில் எடுத்த மரமே தொடர்ச்சியாக இரண்டாம் பாதியிலும் மங்கலாகத் தெரிகிறது என்றால், ஃபோகஸ் பார்க்கத் திறந்த ஷட்டர் மூடப்படவே இல்லை, அல்லது பாதி ஸ்லைடு செருகாமலே எடுத்தாகிவிட்டது. இரண்டு முழுக் காட்சிகளும் ஒரே பாதியில் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து, மற்ற பாதி கண்ணாடியாக இருந்தால் ஸ்லைடு இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போயிருக்கிறது.

இதற்கு மருந்து ஸ்லைடின் கைப்பிடியில் எழுதி வைப்பது. ஒரு முகத்தில் ‘மேல் திறப்பு’, மறுமுகத்தில் ‘கீழ் திறப்பு’. கேமராவுக்கு முன்னால் நின்று, லென்ஸைப் பார்க்கும் முகத்தில் எது தெரிகிறதோ அதுதான் திறந்த பாதி. ஹோல்டரின் எந்தப் பக்கத்து ஃபிலிமாக இருந்தாலும் இது மாறாது, ஏனென்றால் ஸ்லைடு எப்போதும் கேமராவுக்கு முன்பக்கமாகவே உட்காருகிறது. முழு ஸ்லைடின் வெள்ளை முகம் வெளியே இருந்தால் எடுக்காதது, கருப்பு முகம் இருந்தால் எடுத்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். பாதி எடுத்தது என்பதற்கு அதில் இடமில்லை. ஹோல்டர் முதுகில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி ‘மேல் முடிந்தது’ என்று எழுதிவிடுங்கள்.

கருப்பில் உருவம் ஏதும் இல்லாமல், விசிறிபோல ஒரு முனையிலிருந்து விரிந்து மங்கினால், அது ஹோல்டரின் வாயிலிருந்து வந்த கசிவு. ஸ்லைடு நுழையும் இடத்தில் வெல்வெட்டும் அதை அழுத்தும் வில்லும் இருக்கின்றன. முழு ஸ்லைடு உள்ளே இருக்கும்போது அவை அதன் மேல் சமமாகப் படிகின்றன. ஸ்லைடே இல்லாதபோது ஒன்றோடொன்று சமமாகப் படிகின்றன. வாயில் பாதி அகலத்துக்கு மட்டும் ஸ்லைடு இருந்தால், வெட்டு முடியும் படியில் ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்து, இடையில் முக்கோணமாக ஒரு துளை விழும். விசிறியின் காம்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது ஷீட்டின் நடுக்கோட்டுக்கு நேராக, கைப்பிடி இருந்த முனையில் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அதனால்தான் ஸ்லைடை முழு நீளத்துக்கும் வெட்டக் கூடாது. ஹோல்டருக்குள் ஸ்லைடை முழுவதும் செருகி, ஃபிலிம் சட்டகம் தொடங்கும் இடத்தில் ஸ்லைடின் மேல் மெல்லியதாக ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். கைப்பிடியிலிருந்து அந்தக் கோடு வரை முழு அகலம் அப்படியே இருக்கட்டும். வெட்டு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வெட்டிய ஸ்லைடு இப்போது ‘ட’ எழுத்தின் வடிவத்துக்கு வரும். ஏற்கெனவே முழு நீளத்துக்கும் வெட்டியாகிவிட்டது என்றால் தூக்கி எறிய வேண்டாம். எடுக்கும்போது ஹோல்டரின் வாய்மேல் கருப்புத் துணியைப் போர்த்தி வைத்தால் நிழலில் சமாளிக்கலாம். வெயிலில் அதை நம்ப முடியாது.

கசிவுக்கு இன்னொரு காரணம் செருகும் விதம். ஸ்லைடைச் சாய்வாக, ஒரு மூலை முந்திப் போகும்படி நுழைத்தால் மறுமூலையில் வாய் திறந்து நிற்கும். நேராக, அகலம் முழுவதும் ஒரே நேரத்தில் நுழைய வேண்டும். ஒரு கை ஹோல்டரைக் கேமராவோடு சேர்த்து அழுத்திக்கொண்டே இருக்கட்டும். ஒவ்வொரு பாதிக்கும் நான்கு முறை ஸ்லைடு போய் வருகிறது. சாதாரணப் படத்தில் இரண்டே முறைதான். இறுக்கமான ஸ்லைடு ஹோல்டரையும் சேர்த்து இழுத்துப் பின்பலகையைச் சற்றே தூக்கிவிடும். அப்படி வந்த கசிவு, ஷீட்டின் ஒரு முனையில் பட்டையாக, நேர்விளிம்போடு தெரியும்.

நடுவில் கருப்புப் பட்டை

இரண்டு படங்களும் சந்திக்கும் இடத்தில் நெகட்டிவில் மெல்லிய கருப்புக் கோடு, பிரிண்டில் வெள்ளையாக வரும். இரண்டு படமும் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. ஸ்லைடைச் சரிபாதியாக வெட்டியவர்களுக்குத்தான் இது வரும். அளந்து, மிகச் சரியாக நடுவில் வெட்டியவருக்குத்தான் அதிக ஆச்சரியம்.

காரணம் எளிது. ஸ்லைடு ஃபிலிமை ஒட்டி இல்லை; இடையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. லென்ஸின் அச்சு திறந்த பாதியின் நடுவில் இருந்தால், வெட்டு விளிம்பு அச்சிலிருந்து சுமார் 50 மி.மீ. தள்ளி இருக்கிறது. 210 மி.மீ. லென்ஸில் தூரக் காட்சிக்கு ஃபோகஸ் செய்தால், அந்த விளிம்பைத் தொடும் ஒளி ஒவ்வொரு மில்லிமீட்டர் இடைவெளிக்கும் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் விளிம்புக்கு அடியில் புகுந்துபோகும். இடைவெளி 2 மி.மீ. என்றால் அரை மில்லிமீட்டர். மறுபாதி எடுக்கும்போது அந்தப் பக்கமிருந்து இன்னொரு அரை. மொத்தம் 1 மி.மீ. பட்டை. 120 மி.மீ. லென்ஸில் ஒளி இன்னும் சாய்வாக வருவதால் பட்டை 1.7 மி.மீ. வரை போகும்.

எனவே ஸ்லைடில் மிஞ்சும் பாகம் நடுக்கோட்டைத் தாண்டி ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் அகலமாக இருக்க வேண்டும். அதிகம் வெட்டிவிட்ட ஸ்லைடின் விளிம்பில் கருப்பு அலுமினிய டேப்பை மடித்து ஒட்டி அகலப்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். வெயிலில் பசை இளகி வெல்வெட்டில் ஒட்டும்; புது ஸ்லைடு வெட்டுவதே மேல்.

பட்டை ஒரே அகலமாக இல்லாமல் நடுவில் உப்பி, முனைகளில் மெலிந்து இருந்தால் கதை வேறு. ஸ்லைடு வளைகிறது. வெட்டிய ஸ்லைடை ஒரு நீளப் பக்கத்துப் பள்ளமும் தூர முனைப் பள்ளமும்தான் பிடித்திருக்கின்றன. வெட்டு விளிம்பு பத்து அங்குல நீளத்துக்கு அந்தரத்தில் நிற்கிறது. பிளாஸ்டிக் ஸ்லைடு வெயிலில் லென்ஸ் பக்கமாக வில்போல் வளையும். 4×5 அளவில் இது பெரிதாகத் தெரியாது. 8×10க்குப் பழைய ஹோல்டர்களின் உலோக ஸ்லைடு கிடைத்தால் அதை வெட்டுங்கள்.

ஸ்லைடுக்குப் பதிலாகக் கேமராவின் பின்சட்டத்துக்குள் கருப்பு அட்டை வைத்து மறைப்பவர்களும் உண்டு. பழைய ஸ்டுடியோ கேமராக்களில் ஒரே தட்டில் இரண்டு உருவப்படம் எடுக்க இப்படி ஏற்பாடு இருந்தது. அதில் ஹோல்டரின் வாயில் கசிவு வராது, அது பெரிய நிம்மதி. ஆனால் அட்டை ஃபிலிமிலிருந்து 15 மி.மீ. முன்னால் நிற்கிறது என்றால் மேலே சொன்ன கணக்குப்படி 210 லென்ஸிலேயே மூன்றரை மில்லிமீட்டர் ஒளி அடியில் புகும், விளிம்பும் மசமசவென்று விழும். அட்டையை அதற்கேற்ப அகலமாக வெட்டினால் சரி.

நடுவில் கண்ணாடிப் பட்டை

எதுவும் பதியாத தெளிந்த கோடு. ஸ்லைடு சற்று அகலம், அவ்வளவுதான். இதைக் கோளாறென்று எண்ணி அரத்தை எடுக்க வேண்டாம். பிரிண்டில் கருப்பு ஓரமாக வரும், வெட்டும்போது எங்கே வெட்டுவது என்றும் காட்டும்.

தொடுவானம் ஓரத்துக்குப் போய்விட்டது

கிரவுண்ட் கிளாஸில் (ஃபோகஸ் பார்க்கும் பின்பக்க மங்கல் கண்ணாடி) நடுவில் வைத்த தொடுவானம் படத்தில் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ ஒட்டிக்கொண்டு நிற்கிறது. லென்ஸ் இன்னும் முழு 8×10 ஷீட்டின் நடுவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, எடுப்பதோ பாதியில்.

லென்ஸைத் திறந்த பாதியின் நடுவுக்கு நகர்த்த வேண்டும். 8×10ல் இது 2 அங்குலம், 51 மி.மீ.; 5×7ல் சுமார் 32; 4×5ல் 25. எந்தப் பக்கம் என்று குழம்புவோர் அதிகம், படம் தலைகீழாகத் தெரிவதால். தலைகீழை மறந்துவிடுங்கள். மேல் பாதி திறந்திருந்தால் முன் ஸ்டாண்டர்டை (லென்ஸைத் தாங்கும் சட்டத்தை) மேலே ஏற்று, கீழ் பாதி திறந்திருந்தால் கீழே இறக்கு. கிரவுண்ட் கிளாஸில் நடுவே ஒரு பென்சில் கோடும், ஒவ்வொரு பாதியின் நடுவிலும் ஒரு புள்ளிக்கோடும் போட்டு வைத்தால் தொடுவானத்தை நேராக அதில் உட்கார வைக்கலாம். கிளாஸின் மேல் பாதியில் தெரிவதுதான் ஃபிலிமின் மேல் பாதியில் விழும்.

மடிப்புக் கேமராக்கள் பலவற்றில் ஏற்றம் தாராளமாக இருக்கும், இறக்கம் கஞ்சத்தனமாக இருக்கும். கீழ் பாதிக்கு 51 மி.மீ. இறக்க முடியாவிட்டால் கேமராவின் அடிப்பலகையைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து, இரண்டு ஸ்டாண்டர்டுகளையும் மறுபடி செங்குத்தாக நிறுத்துங்கள். லென்ஸ் பின்பலகையைவிடத் தாழ்ந்துவிடும். இதில் சலிப்பு வந்தால் இன்னொரு வழி: எப்போதும் மேல் பாதியிலேயே எடுத்து, ஹோல்டரைப் புரட்டி அடுத்த ஷீட்டின் மேல் பாதியில் எடுப்பது. ஃபிலிம் விலையைப் பார்த்தால் யாரும் செய்யமாட்டார்கள்.

நகர்த்தாமலே எடுப்பதற்கும் ஒரு பயன் உண்டு. தொடுவானம் ஷீட்டின் நடுவில் இருக்க, கீழ் பாதியைத் திறந்தால் அதில் விழுவது தொடுவானத்துக்கு மேலுள்ளவை மட்டும். மலைத்தொடருக்கும் நீண்ட கட்டடத்துக்கும் கேமராவைச் சாய்க்காமலே 51 மி.மீ. ஏற்றம் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கு லென்ஸ் இடம் கொடுக்க வேண்டும்; அது அடுத்த பகுதி.

பிரிண்டில் மூலைகள் இருண்டிருக்கின்றன

இதில் மூன்று வகை. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு புது லென்ஸ் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

மூலையில் வளைவான விளிம்போடு படமே இல்லாமல் போயிருந்தால் லென்ஸின் இமேஜ் சர்க்கிள் (லென்ஸ் விழவைக்கும் படத்தின் வட்டம்) போதவில்லை. கணக்கு இப்படி: 8×10 ஹோல்டரின் பாதியில் படம் விழும் பரப்பு சுமார் 96×244 மி.மீ. லென்ஸ் அந்தப் பாதியின் நடுவில் இருந்தால் 262 மி.மீ. விட்டமுள்ள வட்டம் போதும். 30 மி.மீ. மட்டும் நகர்த்தி நிறுத்தினால் 280 வேண்டும். நகர்த்தவே இல்லையென்றால் 314. நிக்கோர் எஸ்டபிள்யூ 120 மி.மீ. எஃப்/8 லென்ஸின் வட்டம் எஃப்/22 துளையில் 312 மி.மீ.; நகர்த்தினால் தாராளம், நகர்த்தாவிட்டால் விளிம்பில் தொங்கல். சூப்பர் ஆங்குலான் 90 மி.மீ. எஃப்/8 தருவது 216தான். அது 4×10க்கு எப்படியும் எட்டாது, 5×7ன் பாதிக்குப் போதும், 4×5ன் பாதிக்கு ஏராளம்.

ஆக, லென்ஸை நகர்த்துவது தொடுவானத்துக்காக மட்டும் இல்லை. 8×10ஐ முழுதாக மூடத் திராணியில்லாத லென்ஸ்கூட 4×10ஐ மூடிவிடும். இந்த முறையின் உண்மையான லாபம் இதுதான் என்பேன்.

மூலை இருட்டு நேர்கோடாகவோ அலையாகவோ, மேல் ஓரத்தில் மட்டும் இருந்தால் பெல்லோஸ். 51 மி.மீ. ஏற்றியதும் பெல்லோஸ் மடிப்பு ஒன்று தொய்ந்து ஒளிப்பாதையில் இறங்குகிறது. குட்டை லென்ஸ் போட்டுப் பெல்லோஸ் நெருக்கமாக அமுங்கியிருந்தால் லென்ஸ் ஏறவே மறுக்கும், அல்லது ஏறியதுபோல் காட்டிவிட்டு ஸ்டாண்டர்டைச் சாய்த்துவிடும். மடிப்பை உள்ளிருந்து கையால் தூக்கிவிட்டு ஒரு கயிற்றில் கட்டலாம். பை போன்ற பெல்லோஸ் பொருத்த முடிந்த கேமராவென்றால் அதுவே தீர்வு.

இரண்டில் எது என்று ஃபிலிம் செலவில்லாமல் பார்க்க, லென்ஸின் துளையைப் படம் எடுக்கும் எஃப் எண்ணுக்கு மூடிவிட்டு, கிரவுண்ட் கிளாஸின் வெட்டிய மூலை வழியாகக் கண்ணை வைத்து லென்ஸைப் பாருங்கள். கிளாஸின் மூலை ஷீட்டின் வெளிமூலை என்பதால் இது கடினமான மூலைதான். இங்கே சரியென்றால் உள்மூலையும் சரி. துளை முழுதாகத் தெரிந்தால் பிரச்சினை இல்லை. பூனைக்கண் போல நறுக்கப்பட்டிருந்தால் லென்ஸ் உருளையே தடுக்கிறது, இன்னும் மூடினால் சரியாகலாம். துளையின் ஒரு பக்கத்தைத் துணி மறைத்தால் பெல்லோஸ்.

மூன்றாவது வகை: விளிம்பே இல்லாமல் இரண்டு முனைகளும் மெல்ல மெல்ல இருண்டு போவது. இது எல்லா லென்ஸுக்கும் உள்ள இயல்பு. 4×10ல் 210 லென்ஸுக்கு மூலையில் சுமார் ஒரு ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகிறது). 120 லென்ஸுக்கு ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப். நெகட்டிவ் ஃபிலிமில் அரை ஸ்டாப் கூடக் கொடுத்து, பிரிண்டில் ஓரங்களுக்கு ஒளியைக் குறைத்துச் சமன் செய்யலாம். டிரான்ஸ்பரன்ஸி (பாசிட்டிவ்) ஃபிலிம் என்றால் சென்டர் ஃபில்டர் (நடுவில் மட்டும் ஒளியைக் குறைக்கும் ஃபில்டர்) இல்லாமல் 120ஐத் தொடாமல் இருப்பது நல்லது. இருட்டு இரண்டு முனையிலும் சமமாக இல்லாமல், மேலிருந்து கீழாக மாறினால் லென்ஸ் பாதியின் நடுவில் இல்லை என்று பொருள்; மேலே போய் 51 மி.மீ.யை மறுபடி அளக்கவும்.

படம் ஒரு பக்கம் மட்டும் மழுங்கல்

எந்தப் பக்கம் என்பதுதான் எல்லாம்.

இடது முனை கூர்மை, வலது முனை மழுங்கல்: ஸ்டாண்டர்டுகள் இணையாக இல்லை, ஒன்று பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. பனோரமாவில் இது கொடுமையாகத் தெரியும், ஏனென்றால் அகலம் முழுதாக இருக்கிறது, உயரம் பாதியாகிவிட்டது. பின்பலகை ஒரே ஒரு டிகிரி திரும்பினாலும் 250 மி.மீ. அகலத்தில் முனைக்கு முனை 4.4 மி.மீ. வித்தியாசம், நடுவிலிருந்து இரு பக்கமும் 2.2. எஃப்/22ல், 0.1 மி.மீ. மங்கலைப் பொறுத்துக்கொண்டால், ஃபோகஸுக்குக் கிடைக்கும் சலுகையும் அதே 2.2 மி.மீ.தான். ஒரு டிகிரியிலேயே முழுச் சலுகையும் காலி. மரக் கேமராக்களின் நடுநிலைக் குறியை நம்பாமல், அடிப்பலகையின் இரு ஓரங்களிலும் ஸ்டாண்டர்டுகளுக்கு இடையிலான தூரத்தை ஸ்கேலால் அளந்துவிடுங்கள். கிளாஸில் லூப்பை (உருப்பெருக்கியை) நடுவில் வைத்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல் இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள்.

இரண்டு பனோரமாக்களிலும் உள்விளிம்பு, அதாவது ஷீட்டின் நடுப்பக்கம், மழுங்கி, வெளிவிளிம்பு கூர்மையாக இருந்தால் ஃபிலிம் உப்பியிருக்கிறது. ஹோல்டர் ஷீட்டை ஓரங்களில்தான் பிடிக்கிறது. நடுவில் அது சும்மா கிடக்கிறது. கேமரா கீழ்நோக்கியிருந்தால் முன்னால் தொய்கிறது. முழு 8×10 எடுக்கும்போது அந்த மழுங்கல் படத்தின் நடுவில் விழும், உடனே கண்ணில் படும். இங்கே அது ஓரத்தில் விழுவதால் லென்ஸ் குறையாகத் தோன்றி ஏமாற்றும். ஸ்லைடை உருவியதும் அவசரப்படாமல் ஃபிலிம் அடங்க ஒரு நிமிடம் கொடுங்கள். செருகுவதற்கு முன் ஹோல்டரின் கீழே வரப்போகும் நீள ஓரத்தை உள்ளங்கையில் லேசாகத் தட்டினால் ஃபிலிம் கீழே போய் உட்காரும், எடுக்கும் நேரத்தில் நழுவாது.

எல்லாமே சமமாக மழுங்கியிருந்தால் பாதி ஸ்லைடுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிரவுண்ட் கிளாஸும் ஃபிலிமும் ஒரே தளத்தில் இல்லை. 8×10 ஹோல்டரின் ஆழம் தரநிலைப்படி 0.260 அங்குலம், 6.6 மி.மீ., ஏறக்குறைய 0.4 மி.மீ. கூடக் குறைய. 5×7க்கு 5.8, 4×5க்கு 5.0. கிளாஸின் முன்பக்கம் யாராவது ஃப்ரெனல் தகடு (கிளாஸில் படத்தை வெளிச்சமாகக் காட்டும் தகடு) சேர்த்திருந்தால், அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஃபோகஸ் தள்ளிப்போகும். கழற்றிவிட்டு ஒரு ஷீட் எடுத்துப் பாருங்கள். 4×10க்கென்று தனி ஹோல்டரும் பின்பலகையும் ஆசாரியிடம் செய்து வாங்கியவர்கள் இந்த ஆழத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். ஹோல்டரும் பலகையும் தரநிலையோடு பொருந்தாவிட்டாலும் பாதகமில்லை, ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

வெட்டிய ஃபிலிம் ஹோல்டரில் நுழைய மறுக்கிறது

இது தனி 4×10 ஹோல்டர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும். 8×10 ஷீட் உண்மையில் 8 அங்குலம் இல்லை, அதைவிட ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு குறைவு, 201.6 மி.மீ. இரண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 100.8. 4 அங்குல ஹோல்டர் எதிர்பார்ப்பதோ 100. அந்த 0.8 மி.மீ.தான் இருட்டறையில் அழவைக்கிறது. பலவந்தமாகத் தள்ளினால் நுழைந்துவிடும், ஆனால் கூரைபோல் உப்பி நிற்கும். டிரிம்மரில் 100 மி.மீ.க்கு ஒரு தடை வைத்து முதல் துண்டை வெட்டி, இரண்டாவதையும் அதே தடையில் வைத்து ஓரத்தைச் சீவிவிடுங்கள்.

வெட்டிய இரண்டில் ஒன்றுக்குத்தான் முனையில் உள்ள வெட்டுக்குறி மிஞ்சும். மற்றது இருட்டில் எந்தப் பக்கம் எமல்ஷன் (ஒளி பதியும் பூச்சு) என்று தெரியாத அநாதை. வெட்டியவுடன், கையிலிருந்து கீழே வைப்பதற்கு முன், அதே மூலையில் கத்தரியால் ஒரு சிறு நறுக்கு. பிறகு செய்யலாம் என்று வைத்தால் இரண்டும் பெட்டிக்குள் கலந்துவிடும்.

பிரிண்டில் கரும்புள்ளிகள், ஒரு பாதியில் மட்டும்

வெட்டிய பிளாஸ்டிக் விளிம்பில் பிசிறு இருக்கிறது. ஒவ்வொரு முறை போய்வரும்போதும் அது வெல்வெட்டைச் சுரண்டித் தூசை ஃபிலிம்மேல் உதிர்க்கிறது. தூசி விழுந்த இடத்தில் ஒளி பதியாது, பிரிண்டில் கரும்புள்ளி. 600 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து விளிம்பைத் தேய்த்து, மூலைகளைச் சற்று உருட்டி, ஹோல்டரின் வாயை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். தேய்த்த இடம் பளபளவென்று இருந்தால் கருப்பு மார்க்கரால் பூசிவிடவும்.

ஒரு படம் சரி, மற்றது சப்பென்று இருக்கிறது

இரண்டும் ஒரே ஷீட். ஒரே டெவலப்பரில் ஒரே நேரம்தான் கிடக்கும். காலையில் மூடுபனியில் ஒன்றும் நண்பகல் வெயிலில் மற்றொன்றும் எடுத்துவிட்டு, கழுவும்போது இரண்டுக்கும் தனித்தனி நேரம் கொடுக்க முடியாது. முதல் பாதியை எடுத்த வெளிச்சத்தோடு ஒத்துப்போகும் காட்சி கிடைக்கும்வரை இரண்டாவது பாதியைக் காலியாக வைத்திருங்கள், அல்லது அதே காட்சியை ஒரு ஸ்டாப் மாற்றி அங்கேயே எடுத்துவிடுங்கள். அதற்கும் பொறுமையில்லை என்றால் ஷீட்டை இருட்டில் நடுவில் வெட்டித் தனித்தனியாகக் கழுவலாம். அதற்கு எந்தப் பாதியில் எது என்று தெரிய வேண்டும். ஹோல்டரில் இருந்து எடுக்கும்போதே மேல் பாதியின் மூலையில் ஒரு நறுக்கு போட்டுவிட்டு, மாஸ்கிங் டேப்பில் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்து வெட்டவும்.